காணாமல் போன இருபத்தாறு கிராம்

"குற்றவாளி யாருன்னு எனக்கே தெரியும். நீங்க கண்டுபிடிச்ச மாதிரி எழுதிக் கொடுத்தா போதும்" என்றார் பிஸ்கட் கம்பெனி முதலாளி.

துப்பறியும் தொழிலுக்கு வந்த ஆறு வருஷத்தில் இவ்வளவு வசதியான வேலையை யாரும் கொடுத்ததில்லையே என்று பீப்பாய் மனசுக்குள் குதூகலித்தான். பீப்பாய் என்பது பள்ளிக்கூடத்தில் வைத்த பெயர். அப்போது அது கிண்டல். நாற்பது வயதில் வெறும் வர்ணனையாகிவிட்டது.

பக்கத்து நாற்காலியில் அவனுடைய மேடம் இருந்தார். மேஜைமேல் காகிதம் குத்தும் கம்பியில் இருந்த ஏதோ பழைய ரசீதைத் தலைகீழாகப் படித்துக்கொண்டிருந்தார். எதிரே எழுத்து இருந்தால் படிக்காமல் இருக்க அவரால் முடியாது. ஓர் அச்சகத்தில் இருபத்திரண்டு வருஷம் புரூஃப் பார்த்தவர். அந்த அச்சக முதலாளி போட்ட கள்ளக் கையெழுத்து ஒன்றையும் பிழை என்று சுழித்துக் காட்டியதில் வேலை போயிற்று, தொழில் கிடைத்தது. ஊரில் அவரைப் 'பொடியெழுத்து' என்றுதான் சொல்வார்கள். நேரில் மேடம்.

"யாரு அந்தக் குற்றவாளி?" என்று கேட்டார் பொடியெழுத்து.

"கீழே லேபிள் ரூம்ல மெஷின் ஓட்டுறாளே, அவதான். ஒன்பது வருஷமா என் உப்பைத் தின்னுட்டு..."

"சார், உங்க பிஸ்கட்ல உப்பு கம்மின்னு போட்டிருக்கே" என்றான் பீப்பாய்.

முதலாளி அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மேஜைமேல் இரண்டு பாக்கெட்டுகளை எடுத்து வைத்தார். இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. பச்சை நிறம், முன்பக்கம் ஒட்டிய வயிற்றோடு ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பெண், அவள் தலைக்குமேல் 'மெல்லிடை – மனசாட்சி உறுத்தாத பிஸ்கட்' என்று கொட்டை எழுத்து. பீப்பாய்க்கு அது நன்றாகப் பழக்கமான பாக்கெட். இளைத்தே தீர வேண்டும் என்று அவன் மனைவி ஒரு மாதமாக அதைத்தான் டப்பாவில் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தாள். ஒரு மாதத்தில் மூன்று கிலோ கூடியிருந்தான். அதற்குக் காரணம் எடை பார்க்கும் மெஷின்தான் என்று வீட்டில் சாதித்து வைத்திருந்தான்.

"முன்பக்கத்துல வித்தியாசம் இல்ல. பின்னாடி ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரைப் பாருங்க" என்றார் முதலாளி. "இது பழசு. சர்க்கரை நாலு கிராம். இது பதினோரு நாளா போய்க்கிட்டிருக்கிறது. முப்பது கிராம்! நாலு எங்கே, முப்பது எங்கே? போட்டிக் கம்பெனிக்காரன் கிட்ட கையை நீட்டிட்டு மாத்தி அடிச்சிருக்கா."

"பதினோரு நாள்ல எத்தனை பாக்கெட் போயிருக்கும்?"

"நாற்பதாயிரம்."

"எத்தனை பேர் கவனிச்சாங்க?"

"யாரும் இல்ல. ஒரு சூப்பர் மார்க்கெட்ல மட்டும் ஒரு பொம்பளை, சாமான் அடுக்கி வைக்கிறவ, அவ படிச்சிருக்கா. படிச்சுட்டு நம்ம மெல்லிடையை ஆரோக்கிய உணவு வரிசையிலேர்ந்து தூக்கி, க்ரீம் பிஸ்கட் பக்கத்துல கொண்டுபோய் வெச்சுட்டா. க்ரீம் பிஸ்கட் பக்கத்துல!" அந்த அவமானத்தை நினைத்து அவர் குரல் தழுதழுத்தது. "அப்பதான் எனக்கே விஷயம் தெரிஞ்சுது. போலீஸுக்குப் புகார் எழுதி ரெடியா வெச்சிருக்கேன். நாலு மணிக்கு ஆளை அனுப்பப் போறேன். அதுக்கு முன்னாடி உங்க அறிக்கையும் கூட இருந்தா கேஸ் நிக்கும்னு யோசனை."

சுவர்க் கடிகாரம் இரண்டரை காட்டியது. புகார்க் காகிதத்தைப் பொடியெழுத்து கேட்டு வாங்கி, மேலிருந்து கீழ்வரை படித்துவிட்டு, "உங்க கைப்பட எழுதினதா?" என்றார்.

"ஆமா. ஏன்?"

"சும்மாதான்."

"பிஸ்கட்டைப் பத்தி ஒரு சந்தேகமும் வேண்டாம்" என்று முதலாளி நெஞ்சை நிமிர்த்தினார். "என் மாமனார் சர்க்கரை வியாதிக்காரர். அவருக்கே இதைத்தான் கொடுக்கறேன். காலைல ரெண்டு, சாயங்காலம் ரெண்டு. கெட்டதா இருந்தா மாமனாருக்குக் கொடுப்பேனா?"

"அது மாமனாரைப் பொறுத்த விஷயம் சார்" என்றான் பீப்பாய்.

பொடியெழுத்து இரண்டு பாக்கெட்டுகளையும் கைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

வராந்தாவில் வெண்ணெய் மணம் மூக்கைத் துளைத்தது. கீழே எங்கோ பெரிய அடுப்பிலிருந்து தட்டுத் தட்டாக பிஸ்கட் வெளியே வந்துகொண்டிருக்க வேண்டும். பீப்பாய் கண்ணை மூடி ஒருமுறை மூச்சை இழுத்துவிட்டு, "கேஸ் முடிஞ்சுது மேடம். மெஷின் ஓட்டுற அம்மாதான். எழுதிக் கொடுத்துட்டு கிளம்பலாம்" என்றான்.

"பேனா இருக்கா?"

"இருக்கு."

"உன் உள்ளங்கையைக் காட்டு. கணக்குப் போடணும். காகிதத்தைவிட அதுல இடம் நிறைய இருக்கு."

பழைய பாக்கெட்டைத் திருப்பி அவன் மூக்குக்கு நேராகப் பிடித்தார். "ஒரு பண்டத்துல கலோரி மூணு வழியாத்தான் வரும். புரதம் ஒரு கிராமுக்கு நாலு கலோரி. மாவுச்சத்து ஒரு கிராமுக்கு நாலு. கொழுப்பு ஒன்பது. சர்க்கரைங்கிறது மாவுச்சத்துக்குள்ளேயே அடங்கிடும், அதைத் தனியா கூட்டாதே. நூறு கிராம் பிஸ்கட்டுல புரதம் ஏழு. எவ்வளவு ஆச்சு?"

"இருபத்தெட்டு."

"கொழுப்பு இருபது."

"நூத்தி எண்பது. அடேயப்பா, இளைக்கிறதுக்கான பிஸ்கட்டா இது?"

"பேசாம எழுது. மாவுச்சத்து நாற்பத்திரண்டு."

"நூத்தி அறுபத்தெட்டு." பீப்பாய் நாக்கைத் துருத்திக்கொண்டு கூட்டினான். "மொத்தம் முன்னூத்தி எழுபத்தாறு."

"லேபிள்ல மொத்தக் கலோரி எவ்வளவு போட்டிருக்கான்?"

"நானூத்தி எண்பது." அவன் உள்ளங்கையை ஒருமுறை, லேபிளை ஒருமுறை பார்த்தான். "நூத்தி நாலு கலோரி உதைக்குதே மேடம்! எங்கேயிருந்து வந்தது?"

"கலோரி ஆகாசத்துலேர்ந்து வராது. எடையைக் கூட்டு. ஏழு, இருபது, நாற்பத்திரண்டு. அறுபத்தொன்பது கிராம். நூறு கிராம் பிஸ்கட்டுல மிச்சம் முப்பத்தொரு கிராம் என்ன?"

"காத்து?"

"காத்துக்கு எடை இல்ல. தண்ணின்னா பிஸ்கட் கொழகொழன்னு இருக்கும். இப்ப புது லேபிளைப் போடு. புரதமும் கொழுப்பும் அதேதான். மாவுச்சத்து மட்டும் அறுபத்தெட்டு."

பீப்பாய் இடது கையில் இடம் தீர்ந்து மணிக்கட்டுக்கு ஏறினான். இருபத்தெட்டு, நூத்தி எண்பது, இருநூத்தி எழுபத்திரண்டு. கூட்டினான். நம்பிக்கை இல்லாமல் இன்னொரு தடவை கூட்டினான்.

"நானூத்தி எண்பது. ஒரு கலோரி கூட இல்ல, ஒரு கலோரி குறைவும் இல்ல."

"நாற்பத்திரண்டுக்கும் அறுபத்தெட்டுக்கும் இருபத்தாறு கிராம் வித்தியாசம். சர்க்கரை வரியிலயும் நாலுக்கும் முப்பதுக்கும் அதே இருபத்தாறு. பழைய லேபிள்ல இருபத்தாறு கிராம் சர்க்கரையை ஆள் தெரியாம கடத்தியிருக்காங்க. கடத்தினவன் மேலே இருக்கிற மொத்தக் கலோரியை மாத்த மறந்துட்டான்."

பீப்பாய்க்கு விஷயம் உறைக்க சில விநாடிகள் ஆயின. "அப்படின்னா... லேபிளைக் கெடுத்துட்டாங்கன்னு நம்மளைக் கூப்பிட்டிருக்காரே, அந்தக் கெட்டுப்போன லேபிள்தான்..."

"நல்ல லேபிள். நாம உண்மை பேசினவங்களைப் பிடிச்சுக் கொடுக்க வந்திருக்கோம்."

லேபிள் ரூமில் ஒரே ஒரு மெஷின். பக்கத்தில் ஸ்டிக்கர் ரோல்கள் அடுக்கியிருந்தன. மெஷின் அணைத்திருந்தது. நடுத்தர வயதுப் பெண்மணி ஒருத்தி, மேல் அங்கியைக் கழற்றி மடித்து, சாப்பாட்டு டப்பாவையும் செருப்பையும் ஒரு பையில் திணித்துக்கொண்டிருந்தாள். அழுது முடித்த முகம்.

"போலீஸா?" என்றாள்.

"இந்த உடம்பைப் பார்த்தா போலீஸ் மாதிரியா தெரியுது? தொப்பை மட்டும்தான் பொருத்தம்" என்றான் பீப்பாய். அவள் சிரிக்கவில்லை.

"உட்காரும்மா" என்றார் பொடியெழுத்து. "புது லேபிளை நீங்கதான் அடிச்சீங்களா?"

"நான்தான் அடிச்சேன். வேற யாரு அடிப்பா? மேலேயிருந்து புரூஃப் வரும். முதலாளி கையெழுத்து இருந்தா அடிப்பேன், இல்லேன்னா அடிக்க மாட்டேன். ஒன்பது வருஷத்துல கையெழுத்து இல்லாம ஒரு ஸ்டிக்கர்கூட அடிச்சதில்லைங்க."

"அந்தப் புரூஃப் எங்கே?"

"ஃபைல்ல குத்தி மேல அனுப்பிட்டேன். இப்ப கேட்டா அப்படி ஒண்ணு வரவே இல்லைங்கிறார். நானே மாத்தி அடிச்சேனாம். எனக்கு இதுல எந்த எண்ணு எதுக்குன்னுகூடத் தெரியாதுங்க. எழுத்து நேரா விழுதா, மை பரவாம இருக்கா, இதைத்தான் பார்ப்பேன்." புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "என் தங்கச்சிக்கு அடுத்த வாரம் நிச்சயம் பண்ண வராங்க. அக்கா ஜெயில்லன்னா வருவாங்களா?"

பொடியெழுத்து கைப்பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து நீட்டினார். "இதுல சர்க்கரைன்னு ஒரு தடவை எழுதுங்க."

அவள் குழப்பத்தோடு எழுதினாள். 'சக்கரை'.

பொடியெழுத்து சீட்டை வாங்கி மடித்து வைத்துக்கொண்டார். அவர் முகத்தில் மெல்லிய ஒரு திருப்தி ஓடியதைப் பீப்பாய் கவனித்தான். பிழை கண்டால் பூரித்துப் போகிற முகம் அது.

"பையைப் பிரிச்சு வைங்கம்மா. இன்னும் எங்கேயும் போகலை" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார்.

"என்ன மேடம், இந்த நேரத்துல டிக்டேஷன்?"

"பழைய லேபிளைப் படி. சர்க்கரை எப்படி எழுதியிருக்கு?"

பீப்பாய் கண்ணைச் சுருக்கினான். "ச, ர், க, ரை. சர்கரை. ஒரு 'க்' கம்மி."

"முதலாளி எழுதின புகார்லயும் அதே சர்கரைதான். மூணு தடவை எழுதியிருக்கார், மூணு தடவையும் 'க்' இல்ல. பழைய லேபிளை எழுதினது யாருன்னு தெரிஞ்சுதா?"

"சர்க்கரையை மட்டுமில்ல, எழுத்தையும் குறைச்சிருக்கார்."

"மெஷின் ஓட்டுற அம்மா எழுதினது சக்கரை. புது லேபிள்ல பாரு. சர்க்கரை. 'க்' இருக்கு. அவங்களுக்கும் இந்த வாசகத்துக்கும் சம்பந்தம் இல்ல. கணக்கும் தெரிஞ்சு எழுத்தும் தெரிஞ்ச ஒரு ஆள் இந்தக் கட்டடத்துக்குள்ள இருக்கார்."

படிக்கட்டின் அடியில் வேலைக்காரர்கள் டீ குடிக்கிற ஒரு மூலை இருந்தது. ஒரு மின்சாரக் கெட்டில், கழுவிக் கவிழ்த்த டம்ளர்கள், உடைந்த பிஸ்கட்டுகள் நிறைந்த ஒரு தட்டு. 'எடுத்துக்கொள்ளலாம்' என்று அதன்மேல் எழுதியிருந்ததால் பீப்பாய் சட்டத்தை மதித்து ஒன்றை எடுத்தான். உள்ளங்கை அகலம். பாதி வாய்க்குள் போனபிறகு நினைவு வந்து, கையிலிருந்த பழைய பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தான்.

"மேடம், முன்பக்கம் 'ஒரு முறைக்கு வெறும் அறுபது கலோரி'ன்னு போட்டிருக்கு. ஒரு முறைன்னா எவ்வளவுன்னு இங்கே ஒரு மூலையில, எறும்பு படிக்கிற சைஸ்ல எழுதியிருக்கான். அரை பிஸ்கட்டாம்!"

"ஆமா. பார்த்தேன்."

"அரை பிஸ்கட்டை யார் மேடம் சாப்பிடுவா? மிச்ச அரையை என்ன பண்றது? பேங்க்ல போடுறதா?" கையிலிருந்த மிச்ச அரையைப் பார்த்தான். பிறகு அதையும் சாப்பிட்டான்.

"சேர்த்திருக்கிற பொருள் எல்லாம் வரிசையா இருக்கே, அதையும் படி. எது எடையில அதிகமோ அது முதல்ல வரணும். அதுதான் முறை."

"முழுத்தானிய மாவு. தாவர எண்ணெய். கரும்புச் சாறு. மால்ட் சாறு. குளுக்கோஸ் பாகு. தேன். உப்பு. எல்லாம் இயற்கையாத்தானே இருக்கு? சர்க்கரைங்கிற பேரே காணோமே?"

"அந்த நடுவுல இருக்கிற நாலு பேரும் அண்ணன் தம்பிங்க. எல்லாரும் சர்க்கரை வீட்டுப் பிள்ளைங்கதான். ஒண்ணா நிறுத்தினா எண்ணெயையே முந்திக்கிட்டு முன்னாடி வந்துடுவாங்க. அதனால தனித்தனியா பேரு மாத்தி, பின்வரிசையில உட்கார வெச்சிருக்கார்."

பீப்பாய் தன் வயிற்றைத் தடவிக்கொண்டான். ஒரு மாதமாக வீட்டில் எடை மெஷின்மேல் போட்ட பழியெல்லாம் நினைவுக்கு வந்தது.

"புது லேபிள்ல இன்னொண்ணும் மாறியிருக்கு, கவனிச்சியா?" பொடியெழுத்து அடுத்த பாக்கெட்டைக் காட்டினார். "ஒரு முறைக்கு நாலு பிஸ்கட், அதாவது நூறு கிராம். இதுதான் எனக்கு இடிக்குது. உண்மையைச் சொல்லணும்னா ஒண்ணுன்னு போடலாம், ரெண்டுன்னு போடலாம். யாரு சாமி உட்கார்ந்து நாலு சாப்பிடுவா?"

பீப்பாய் கையை உயர்த்தப் போனான்.

"உன்னைத் தவிர."

"முதலாளியோட மாமனார்" என்றான் பீப்பாய் சட்டென்று. "காலைல ரெண்டு, சாயங்காலம் ரெண்டு!" சொல்லிவிட்டு அவனே வாயைப் பிளந்தான்.

பொடியெழுத்தின் பார்வை சுவருக்குப் போயிருந்தது. கெட்டிலுக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்த ஒரு காகிதத்தைப் படித்துக்கொண்டிருந்தார். நீல மையில், சீரான கையெழுத்தில், பிழை இல்லாமல் எழுதியிருந்தது: 'சர்க்கரை டப்பாவை மூடி வைக்கவும். எறும்பு வந்தால் நான் பொறுப்பல்ல.' கீழே, 'அலுவலகம்'.

"இது யாரு எழுதினதுங்க?" என்று டம்ளர் கழுவ வந்த ஒரு தொழிலாளியைக் கேட்டார்.

"முதலாளியம்மாங்க. ஆபீஸ் எல்லாம் அவங்கதானே பார்க்கிறாங்க."

முதலாளியம்மாவின் அறை, முதலாளியின் அறையில் பாதிகூட இல்லை. ஆனால் ஃபைல் எல்லாம் இங்கேதான் இருந்தது. கண்ணாடி போட்ட, ஒல்லியான அம்மாள். அவர்கள் உள்ளே நுழைந்ததும் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்றே கால்.

"பரவாயில்லையே. மூணரை ஆகும்னு நினைச்சேன்" என்றாள்.

பீப்பாய்க்கு நாற்காலி தேவைப்பட்டது. உட்கார்ந்தான்.

"எங்களைக் கூப்பிடச் சொன்னதும் நீங்கதானா?" என்று கேட்டார் பொடியெழுத்து.

"அவர் நேத்து ராத்திரிதான் போலீஸ்னு ஆரம்பிச்சார். அதுவரைக்கும் மெஷினோ கம்ப்யூட்டரோ பண்ணின தப்புன்னுதான் பேசிக்கிட்டிருந்தார். கீழே இருக்கிறவ மேல பழி விழும்னு எனக்குத் தோணவே இல்ல. என் தப்புதான் அது. புகாருக்கு ஒரு துப்பறியும் அறிக்கையும் இருந்தா பலமா இருக்கும்னு சொல்லி உங்க நம்பரைக் கொடுத்தேன். உங்களுக்கு ஒரு எண்ணு உதைச்சா தூக்கம் வராதுன்னு கேள்விப்பட்டேன்."

"நீங்களே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேனே. ஒரு மாசமா சொன்னேன். புருஷன் பெண்டாட்டி பேச்சு வீட்டுச் சண்டையாத்தான் முடியும். 'உனக்கு வியாபாரம் தெரியாது'ன்னு ஒரு வரி. அதுக்கு மேல பேச்சு கிடையாது. வெளியாள் ஒருத்தர் கூட்டிக் காட்டணும்னு பார்த்தேன்."

ஒரு இழுப்பறையைத் திறந்து ஃபைலை எடுத்தாள். அதிலிருந்து ஒரு தாளை உருவி மேஜைமேல் வைத்தாள். புரூஃப். முப்பது கிராம், நாலு பிஸ்கட், 'க்' உள்ள சர்க்கரை. அடியில் பெரிதாக, வளைந்து நெளிந்து ஒரு கையெழுத்து.

"முதலாளியோட கையெழுத்து!" என்றான் பீப்பாய்.

"கள்ளக் கையெழுத்து இல்ல. அவரே போட்டது. கையெழுத்துக்கு வர்ற கட்டுல இதையும் வெச்சேன். போன்ல பேசிக்கிட்டே பத்து தாள்ல போட்டார், அதுல இது ஏழாவது. ஒரு தடவை பார்த்திருந்தாகூட அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்." அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "பின்பக்கத்தை யாரும் படிக்க மாட்டாங்கன்னு நம்பித்தானே இத்தனை வருஷம் பிஸ்கட் வித்தார். அவரும் படிக்கலை."

"நாலு பிஸ்கட்?"

"எங்கப்பா. அம்மா போனதுலேர்ந்து தனியா இருக்கார். வேற எதையும் தொட மாட்டார். மாப்பிள்ளை பண்றதுன்னு பெருமை, நான் வேண்டாம்னு சொன்னாலும் கேட்க மாட்டார். ஊரெல்லாம் விநியோகம் பண்ணுவார். கால்ல ஒரு சின்னப் புண்ணு வந்தது. ஆறவே இல்ல. போன மாசம் கட்டைவிரலை எடுத்தாங்க. இன்னும் ஆஸ்பத்திரிலதான் இருக்கார்." குரல் மாறாமல்தான் சொன்னாள். "ஆஸ்பத்திரில சாப்பாட்டு ஆலோசனை சொல்ற பொண்ணு, என்ன சாப்பிடறார்னு கேட்டுது. பாக்கெட்டைக் காட்டினேன். திருப்பிப் பார்த்துட்டு, மனசாலயே கூட்டி, 'அம்மா, இது கணக்கு உதைக்குதே'ன்னுது. எங்க கம்பெனின்னு அதுக்குத் தெரியாது. நானும் சொல்லலை. வெட்கமா இருந்தது."

பீப்பாய்க்கு ஏதாவது ஒரு ஜோக் சொல்ல வேண்டும்போல் இருந்தது. ஒன்றும் வரவில்லை.

நாலு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது மூவரும் முதலாளியின் அறைக்குப் போனார்கள். புகார்க் காகிதத்தை உறையில் போட்டு அவர் தயாராக இருந்தார்.

"என்ன, அவதானே?"

"புது லேபிளுக்கு உத்தரவு கொடுத்த ஆளைக் கண்டுபிடிச்சாச்சு" என்றார் பொடியெழுத்து. "எழுத்துபூர்வமா ஆதாரம் இருக்கு."

"பார்த்தீங்களா! நான் சொன்னேனே!"

புரூஃபை அவர் முன்னால் வைத்தார். முதலாளி கையெழுத்தைப் பார்த்தார். அது தன்னுடையதுதானா என்று ஒரு பேனாவை எடுத்துத் தாளின் ஓரத்தில் போட்டும் பார்த்தார். நெளிவு பிசகாமல் அப்படியே விழுந்தது.

"இது... இதை யாரு என் மேஜையில..." நிமிர்ந்தார். மனைவியின் முகத்தைப் பார்த்ததும் மிச்சம் தானாகவே புரிந்துவிட்டது. முகம் சிவந்தது. "நீயா? சொந்த வீட்டுக்குள்ளேயே..."

"பழைய லேபிளைக் கூட்டிப் பாருங்க சார். நூத்தி நாலு கலோரி உதைக்குது" என்று பீப்பாய் இடது கையை விரித்து நீட்டினான். உள்ளங்கையிலிருந்து மணிக்கட்டுக்கு மேல்வரை கணக்கு.

"எல்லாரும்தான் பண்றாங்க!" என்று முதலாளி வெடித்தார். "ஊர்ல எவன் ஒழுங்கா போடுறான்? யாரு படிக்கப் போறா? நாற்பதாயிரம் பாக்கெட்டுல ஒருத்தி படிச்சா. ஒருத்தி! படிக்காத ஒண்ணை மாத்தி என்ன ஆகப் போகுது? நாளைக்கே பழைய லேபிளை ஓட்டச் சொல்லப் போறேன்."

முதலாளியம்மா மேஜை அருகே வந்தாள். கைபேசியில் ஓர் எண்ணை அழுத்தி, ஒலிபெருக்கியில் போட்டு, மேஜையின் நடுவில் வைத்தாள். இரண்டு தடவை மணி அடித்ததும் எடுத்தார்கள்.

"அப்பா, இதோ அவர் பேசறார்" என்று சொல்லிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"மாப்பிள்ளையா!" மறுமுனைக் குரலில் அவ்வளவு உற்சாகம். "நல்ல சமயத்துல பேசினீங்க. இங்கே ஒரு நர்ஸம்மா என் பிஸ்கட்டைப் பிடுங்கி வெச்சுட்டாங்க மாப்பிள்ளை. சர்க்கரையே கிடையாது, எங்க மாப்பிள்ளையே பண்றதுன்னு நான் தலைபாடா அடிச்சுக்கிட்டாலும் கேட்க மாட்டேங்கிறாங்க. அவங்க இங்கதான் நிக்கறாங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னா கொடுத்துடறேன்னு சொல்லிட்டாங்க."

முதலாளி மனைவியைப் பார்த்தார். மனைவி கைபேசியைப் பார்த்தாள்.

மாமனாருக்குக் கெட்டதைக் கொடுப்பேனா என்று மத்தியானம் இவர் கேட்டது பொய்யில்லை என்று பீப்பாய்க்கு அப்போது தோன்றியது. பாக்கெட்டின் முன்பக்கத்தை ஊருக்கெல்லாம் சொல்லிச் சொல்லி, முதலில் நம்பியவரே இவர்தான் போலிருக்கிறது.

"ஹலோ? மாப்பிள்ளை? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் மாமா." முதலாளி கைபேசிப் பக்கம் குனிந்தார். "வேண்டாம் மாமா. சாப்பிடாதீங்க."

"என்ன மாப்பிள்ளை சொல்றீங்க?"

"அதுல... சர்க்கரை இருக்கு."

"இருக்கா? எவ்வளவு?"

முதலாளியின் கண் புரூஃபின்மேல் வரி வரியாக இறங்கியது. தன் லேபிளை அவர் அப்போதுதான் ஒழுங்காகப் படிக்கிறார் என்று பொடியெழுத்துக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

"நாலு பிஸ்கட்டுக்கு முப்பது கிராம். ஆறு டீஸ்பூன் வரும் மாமா."

மறுமுனையில் ஆஸ்பத்திரிச் சத்தம் கேட்டது. யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள். பிறகு அந்தக் குரல், உற்சாகம் எல்லாம் வடிந்து, மெல்லக் கேட்டது:

"இதைப் பாக்கெட்டுல போட்டிருக்கலாமே மாப்பிள்ளை."

மேஜைமேல் கையெழுத்து இருந்தது. மனைவி எதிரே நின்றாள். வாசல் பக்கம் யாரோ வந்து நிற்கிற அரவம் கேட்டது. லேபிள் ரூம் பெண்மணி, கையில் பையோடு. மணி நாலு.

"போட்டாச்சு மாமா" என்றார் முதலாளி. "பதினோரு நாளாவே போட்டிருக்கோம். நான்தான் கையெழுத்துப் போட்டேன்."

பீப்பாய்க்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பொடியெழுத்து அவன் காலை மிதித்தார்.

"அப்படியா!" மாமனாரின் குரலில் ஈரம் தட்டியது. "வியாபாரம் குறையும்னு தெரிஞ்சும் போட்டீங்களா? பெரிய மனசு மாப்பிள்ளை. இந்தக் காலத்துல யாரு இப்படி இருக்காங்க? நர்ஸம்மா, கேட்டீங்களா, இதுதான் எங்க மாப்பிள்ளை..."

பாராட்டு நீண்டுகொண்டே போனது. முதலாளி குத்துப்பட்டவர்போல அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். முதலாளியம்மா ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. மேஜையிலிருந்த உறையை எடுத்து, புகாரோடு சேர்த்து நாலாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டாள். புரூஃபை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"பையை எதுக்குத் தூக்கிக்கிட்டு நிக்கிறே?" என்றாள் லேபிள் ரூம் பெண்மணியிடம். "என்னாலதான் உனக்கு இவ்வளவு கஷ்டம். உட்கார்ந்து பேசணும், சாயங்காலம் வரேன். இப்ப போய் மெஷினைப் போடு."

அவள் தாளை வாங்கி, வழக்கமாகப் பார்க்கும் இடத்தை முதலில் பார்த்தாள். கையெழுத்து இருந்தது. போதாததற்கு ஓரத்தில் இன்னொன்றும் இருந்தது.

"இதேதானேம்மா? மாத்தம் ஒண்ணும் இல்லையே?"

"இதேதான்" என்றாள் முதலாளியம்மா.

உள்ளே, இப்படி ஒரு நேர்மையான மாப்பிள்ளை கிடைக்கத் தன் மகள் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று கைபேசி சொல்லிக்கொண்டிருந்தது. சற்று நேரத்தில் கீழேயிருந்து லேபிள் மெஷினின் தடதடப்பு கேட்கத் தொடங்கியது.